காட்சி ஒன்பது

முப்பத்தொரு கலியாணம், நாலு சாமத்தியச் சடங்கு,
பம்பலப்பிட்டியில் ஒரு நகைக்கடைத் திறப்புவிழா.
இவ்வளவையும் படம்பிடித்துச் சேர்த்த காசு
வங்கியில் கிடக்கிறது
கதை இல்லாமல்.

லஹிரு கேமரா தருவான். லைட்டை
மருதானையில் வாடகைக்கு எடுக்கலாம்.
எழுத்துத்தான் அகப்படவில்லை.

வந்தவை பதினொன்று.
ஏழில் கடைசியில் மழை பெய்தது.
ஒன்றில் கதாநாயகன் யோசிக்கும்போதெல்லாம்
வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அப்பால்
கடல் வந்து நின்று அலையடித்தது,
கூலிக்குப் பிடித்த ஆள் மாதிரி.
இன்னொன்றில், சத்தியமாக, இப்படி இருந்தது:
"அவள் மனதில் முப்பது வருட வலி."
இதை எந்த லென்ஸில் எடுப்பது என்று கேட்டேன்.
எழுதியவர் கோபித்துக்கொண்டு
பிளேன்டீக்குக் காசு கொடுக்காமல் போனார்.

பிறகுதான் ரிஸ்மியாவைச் சொன்னார்கள்.
புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்
ஒரு கதிரை, ஒரு கீபோர்ட்,
சத்தியக் கடதாசி அடிக்கிற பெண்.

நான் போனபோது ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்:
அவன் என்னை ஏமாத்த நினைச்சான்.
"நினைச்சத நீங்க கண்டதா?" என்றாள், நிமிராமல்.
இல்லை.
"கண்டதச் சொல்லுங்க."
கதவைப் பூட்டினான். திறப்பைச்
சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டான்.
"அது காணும்."
விரல்கள் ஓடின.
என் கையிலிருந்த ரோல்ஸ் ஆறிப்போனது.

இருபத்துமூன்று பக்கம்.
தெமட்டகொடையில் தொடர்மாடி, ஆறாம் மாடி.
லிஃப்ட் வேலை செய்யாது.
ஒருத்தி ஃபிரிட்ஜை விற்றுவிட்டாள்.
வாங்கியவனும் அவன் மச்சானும்
அதைப் படிப்படியாய் இறக்குகிறார்கள்.
நாலாம் மாடியில் ஒரு கதவு திறந்து மூடுகிறது.
மூன்றாம் மாடியில் வளைவு போதாது.
அவள் பின்னாலேயே வருகிறாள்,
உள்ளே இருந்த முட்டைகளை
முந்தானையில் ஏந்திக்கொண்டு.
அவ்வளவுதான்.

ஏன் விற்கிறாள் என்று கேட்டேன்.
"வாங்க வந்தவன் கேக்கல்லயே."
பார்க்கிற சனம் கேட்குமே.
"கேக்கட்டும். ஆறு மாடி இரிக்கி."

விலை சொன்னாள். என் கணக்கில் ஒன்பது கலியாணம்.
இருபத்துமூன்று பக்கத்துக்கா என்றேன்.
"பக்கத்துக்கு எண்ணி வாங்கிறது கடதாசிக்கு.
இது அடிக்காம விட்டதுக்கும் சேத்து."

காசு கொடுக்காமல் பிரதியோடு கிளம்பினேன்.
பொரளை பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: கடனா?
அடுத்த பக்கத்தில்: புருஷன் எங்கே?
இறங்குவதற்குள் இரண்டையும் அழித்தேன்.
வெளியே மழை. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இரவு பத்தரைக்கு அழைத்தேன்.
ஒன்பதாம் காட்சி. இரண்டாம் மாடியில்
அவர்கள் மூச்சு வாங்க நிற்கிறார்கள்.
அவள் ஃபிரிட்ஜைத் திறக்கிறாள்.
'முகத்தில் வெளிச்சம் விழுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள்.
பிளக்கைத்தான் முதல் காட்சியிலேயே கழற்றியாயிற்றே.

மறுமுனையில் ஒரு பிள்ளை இருமியது.
தாள் புரளும் சத்தம்.
"யா அல்லாஹ்" என்றாள் மெல்ல,
ஊரார் பொய்யையெல்லாம் பிடிக்கிறவள்
தன்னுடையதில் கால் இடறி.

பற்றரி லைட் ஒன்றை உள்ளே ஒளிக்கலாம்,
லஹிருவிடம் சின்னது இருக்கிறது, என்றேன்.
"வேணாம். நில்லுங்க."
நின்றேன். பிள்ளை திரும்ப இருமியது.
"திறக்கட்டும். வெளிச்சம் விழாது.
இருட்டாவே இரிக்கட்டும். அவ பாக்கட்டும்."

எவ்வளவு நேரம்?
"அது ஒங்கட வேல."

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.
சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினேன்.
ஃபிரிட்ஜைத் திறந்து
நேற்றைய பருப்புக்கு முன்னால் நின்றேன்.
இருபத்திரண்டு வரை எண்ண முடிந்தது.